மாதிரி ஐ.நா. மாநாட்டில் மாணவச் செய்தியாளர்: பெற்றோரும் பிள்ளைகளும் அறிந்துகொள்ள வேண்டியவை

ஒக்லாந்தின் மவுண்ட் ஆல்பர்ட்டிலும் அதை அண்டிய சான்ட்ரிங்ஹாம், மவுண்ட் ரொஸ்கில் பகுதிகளிலும் எமது குடும்பங்கள் பல வாழ்கின்றன. இடைநிலைப் பாடசாலையின் மேல்வகுப்புகளில் படிக்கும் எமது பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுவந்து கையொப்பம் கேட்கும் படிவங்களில் மாதிரி ஐக்கிய நாடுகள் சபை மாநாட்டின் படிவமும் ஒன்று. பெரும்பாலும் ஏதாவதொரு நாட்டின் பிரதிநிதியாகப் பேசுவதற்குத்தான் பிள்ளைகள் பெயர் கொடுக்கிறார்கள். மேடைப் பேச்சில் எமக்கு இருக்கும் விருப்பம் எல்லோரும் அறிந்தது.

அதே மண்டபத்தில் இன்னோர் இருக்கையும் உண்டு. பேசாமல் கேட்டுக்கொண்டிருந்து, குறிப்பெடுத்து, நடந்ததை எழுதும் இருக்கை அது. மாணவச் செய்தியாளராகத் தொண்டு செய்ய எமது பிள்ளைகளில் மிகச் சிலரே முன்வருகிறார்கள். அதற்கான காரணங்களில் சில எமது வரலாற்றிலேயே இருக்கின்றன. அந்தப் பணி என்ன, அதற்கு எப்படி ஆயத்தமாவது, பெற்றோர் எவற்றைக் கேட்டறிய வேண்டும் என்பவற்றை ஓர் இடத்தில் தொகுத்துத் தருகிறோம். நாம் வணிகமாணிப் பட்டம் பெற்று, கணக்கெழுதிப் பிழைப்பவர்கள், ஊடகத்துறையினர் அல்லர். ஆனால் இந்தப் பணிக்கும் கணக்கியலுக்கும் நெருங்கிய உறவு இருப்பதைக் கீழே காண்பீர்கள்.

மாதிரி ஐ.நா. என்றால் என்ன?

மாணவர்கள் ஐ.நா. உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகளாக அமர்ந்து, உண்மையான ஐ.நா. நடைமுறையை ஒட்டி விவாதித்து, தீர்மானம் எழுதி, வாக்களிக்கும் பயிற்சி இது. 1920களில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'மாதிரி சர்வதேச சங்கம்' என்ற பெயரில் இப்பழக்கம் இருந்தது. 1945இல் ஐ.நா. உருவான பிறகு அது மாதிரி ஐ.நா. ஆனது. ஹார்வர்ட் மாணவர்கள் உயர்நிலைப் பாடசாலையினருக்கான மாநாட்டை 1953இல் தொடங்கினார்கள். நெதர்லாந்தின் ஹேக் நகர மாநாடு 1968இல் தொடங்கியது. நியூசிலாந்தில் 'யுஎன் யூத் நியூசிலாந்து' என்ற இளையோர் தொண்டமைப்பு நாடளாவிய மாநாட்டை நடத்தி வருகிறது. பாடசாலைகளும் பல்கலைக்கழகக் கழகங்களும் சிறிய அளவில் தாமாகவும் நடத்துவதுண்டு.

நடைமுறை சுருக்கமாக இதுதான். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தவிசாளர் இருப்பார். பிரதிநிதிகள் தம் நாட்டின் பெயர்ப்பலகையை உயர்த்திப் பேச அனுமதி கேட்பார்கள். நடுவே சபை ஒத்திவைக்கப்பட்டு, பிரதிநிதிகள் எழுந்து சென்று மூலைகளில் கூடிப் பேரம் பேசுவார்கள். அதன்பின் வரைவுத் தீர்மானம் வரும். அதன் முன்னுரைப் பந்திகள் பின்னணியைச் சொல்லும்; செயற்பாட்டுப் பந்திகள் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லும். திருத்தங்கள் முன்வைக்கப்பட்டு, கடைசியில் வாக்கெடுப்பு நடக்கும்.

மவுண்ட் ஆல்பர்ட்டும் ஐ.நா.வும்

நாம் வாழும் இந்தத் தொகுதிக்கும் ஐ.நா.வுக்கும் உள்ள தொடர்பு பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டியது. ஹெலன் கிளார்க் 1981 முதல் 2009 வரை மவுண்ட் ஆல்பர்ட்டின் நாடாளுமன்ற உறுப்பினர். 1999 முதல் 2008 வரை பிரதமர். 2009இல் அவர் ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் தலைவராகச் சென்றார். 2016இல் ஐ.நா. செயலாளர் நாயகம் பதவிக்குப் போட்டியிட்டார். அந்தப் பதவிக்கு அந்தோனியோ குட்டெரெஸ் தெரிவானார். கிளார்க் விட்டுச் சென்ற ஆசனத்துக்கு 2009 இடைத்தேர்தலில் வந்தவர் டேவிட் ஷியரர். இவர் அதற்கு முன் ஐ.நா.வின் மனிதாபிமானப் பணியில் இருந்தவர். 2016இன் இறுதியில் பதவி விலகி, தென் சூடானில் ஐ.நா. அமைதிப் பணியின் தலைமையை ஏற்றார். அடுத்து, 2017 பெப்ரவரி இடைத்தேர்தலில் தெரிவானவர் ஜெசிந்தா ஆர்டர்ன். அதே ஆண்டு ஒக்டோபரில் அவர் பிரதமரானார்.

நியூசிலாந்து ஐ.நா.வின் தொடக்க உறுப்பினர். 1954-55, 1966, 1993-94, 2015-16 ஆகிய காலங்களில் பாதுகாப்புச் சபையில் இருந்தது. இலங்கை 1955 டிசெம்பர் 14இல்தான் ஐ.நா.வில் சேர்ந்தது. இந்த ஊரிலிருந்து ஒருவர் ஐ.நா.வில் உயர்பதவிக்குப் போவது அதிசயமல்ல என்பதை எமது பிள்ளைகள் உணர்ந்தால், மாதிரி மாநாட்டை விளையாட்டாக எண்ண மாட்டார்கள்.

செய்தியாளர் குழுவின் வேலை

எல்லா மாநாடுகளிலும் செய்தியாளர் குழு இருப்பதில்லை. இருக்கும் இடங்களில் அது பெரும்பாலும் இவற்றைச் செய்யும்: ஒவ்வொரு குழுவின் அமர்வையும் கேட்டுச் செய்தி எழுதுதல், பிரதிநிதிகளைச் செவ்வி காணுதல், ஒளிப்படம் எடுத்தல், மாநாட்டுச் செய்தித்தாளை அன்றன்றே தயாரித்தல். சில மாநாடுகளில் செய்தியாளர் மாநாடு ஒன்றை நடத்தி, பிரதிநிதிகளைக் கேள்வி கேட்கவும் விடுவார்கள். வேறு சிலவற்றில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் உண்மையான செய்தி நிறுவனத்தின் பாத்திரம் தரப்படும். சீன அரசு ஊடகத்தின் பாத்திரம் ஏற்றவரும் பிரித்தானிய நாளிதழின் பாத்திரம் ஏற்றவரும் ஒரே அமர்வை எழுதும்போது, ஒரே நிகழ்வு எப்படி இரண்டு செய்திகளாகிறது என்பதைப் பிள்ளைகள் நேரில் காண்பார்கள்.

அடிப்படை விதிகள் சில உண்டு.

முதலாவது, பிரதிநிதி பேசுவது தன் சொந்தக் கருத்து அல்ல. ஆகவே 'பிரான்ஸ் பிரதிநிதி கூறினார்' என்றுதான் எழுத வேண்டும். பதினாறு வயதுப் பிள்ளை வடகொரியாவின் சார்பில் பேசியதை அவரது சொந்தப் பெயருடன் இணையத்தில் போட்டுவிட்டால், பல ஆண்டுகள் கழித்தும் அது அவரைத் துரத்தும்.

இரண்டாவது, மேற்கோள் குறிக்குள் போடுவது சொல்லப்பட்ட அதே சொற்களாக இருக்க வேண்டும். நினைவிலிருந்து எழுதுவதாயின் மேற்கோள் குறி வேண்டாம். கருத்தை மட்டும் எழுதலாம்.

மூன்றாவது, மூலையில் கூடிப் பேசும்போது காதில் விழுந்ததைக் கேளாமல் எழுதக்கூடாது. 'இதை எழுதலாமா, யார் சொன்னதாக எழுதலாம்?' என்று கேட்டுப் பதிலைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, ஒரு தரப்பின் மீது குற்றச்சாட்டு எழுந்தால் மறுதரப்பின் பதிலைக் கேட்டே ஆகவேண்டும். பதில் தர மறுத்தால், மறுத்தார் என்பதையும் எழுத வேண்டும்.

வாக்குகளைக் கூட்டிப் பாருங்கள்

கணக்காளரின் முதல் பழக்கம் கூட்டிப் பார்ப்பது. பரீட்சை மீதியின் இருபக்கமும் ஒத்துவராவிட்டால் எங்கோ ஒரு பிழை இருக்கிறது என்று பொருள். வாக்கெடுப்புச் செய்திக்கும் அதே சோதனை பொருந்தும். எமக்கு நெருக்கமான உதாரணங்களையே எடுப்போம்.

ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் 47 உறுப்பு நாடுகள் உண்டு. 2009 மே 27இல், போர் முடிந்த சில நாட்களில், இலங்கையே முன்வைத்த தீர்மானம் 29 ஆதரவு, 12 எதிர்ப்பு, 6 நடுநிலை என்ற கணக்கில் நிறைவேறியது. கூட்டினால் 47. 2014 மார்ச்சில், விரிவான விசாரணையைக் கோரிய தீர்மானம் 23 ஆதரவு, 12 எதிர்ப்பு, 12 நடுநிலை. கூட்டினால் 47. சான்றுகளைத் திரட்டிப் பேணுவதற்கான 2021 மார்ச் தீர்மானம் 22 ஆதரவு, 11 எதிர்ப்பு, 14 நடுநிலை. அதுவும் 47. 2022 ஒக்டோபரில் 20 ஆதரவு, 7 எதிர்ப்பு, 20 நடுநிலை. மீண்டும் 47.

இப்போது இரண்டாவது கேள்வி. 47இல் பாதிக்கு மேல் என்றால் 24. மூன்று தீர்மானங்களிலும் 24 வரவில்லையே, எப்படி நிறைவேறின? பேரவையில் சமுகமளித்து வாக்களித்தோரில் பெரும்பான்மை இருந்தாலே போதும். நடுநிலை வகித்தவர் வாக்களித்தவராகக் கணக்கில் வருவதில்லை. ஆகவே 2022இல் 20க்கு எதிராக நின்றது 7 மட்டுமே. இந்த விதி தெரியாத செய்தியாளர் 'பெரும்பான்மை கிடைக்கவில்லை' என்று எழுதிவிடுவார். தெரிந்தவரோ, நடுநிலை 6இலிருந்து 20 ஆக வளர்ந்தது ஏன் என்று கேட்பார். நல்ல செய்தி அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கும்.

குழுவுக்குக் குழு விதி வேறுபடும். பாதுகாப்புச் சபையில் 15 உறுப்பினர். முக்கிய தீர்மானம் நிறைவேற 9 ஆதரவு வாக்குகள் வேண்டும். ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர் எதிர்த்தாலும் அது விழுந்துவிடும். பொதுச் சபையில் 193 நாடுகள். முக்கிய விடயங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். தான் எழுதப்போகும் குழுவின் விதியை மாநாட்டுக்கு முதல்நாளே பிள்ளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

எந்தச் சொல் இருக்கிறது, எந்தச் சொல் இல்லை

தீர்மானத்தின் வினைச்சொற்களுக்கு எடை உண்டு. 'கவனத்தில் கொள்கிறது' என்பது மிக இலேசானது. 'வரவேற்கிறது', 'ஊக்குவிக்கிறது' என்பவை அதற்கு மேல். 'வலியுறுத்துகிறது' இன்னும் பாரமானது. 'கோருகிறது' என்று கட்டளைத் தொனியில் வருவது பெரும்பாலும் பாதுகாப்புச் சபையில்தான். முதல் வரைவில் இருந்த சொல் இறுதி வரைவில் மாறியிருந்தால், யாருடைய வற்புறுத்தலால் மாறியது என்று கேட்பது செய்தியாளரின் வேலை. எனவே வரைவுகளின் எல்லாப் பிரதிகளையும் வாங்கித் திகதியிட்டு வைத்திருக்க வேண்டும்.

இதற்கு நியூசிலாந்தின் வரலாற்றிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1994 ஏப்ரலில், ருவண்டாவில் படுகொலைகள் நடந்துகொண்டிருந்த மாதத்தில், பாதுகாப்புச் சபையின் தலைமை நியூசிலாந்தின் கையில் இருந்தது. அதன் தூதுவர் கொலின் கீற்றிங் கடுமையான அறிக்கைக்காக முயன்றார். மாத முடிவில் வந்த தலைமை அறிக்கை, இனப்படுகொலை உடன்படிக்கையின் வரைவிலக்கணத்தை ஒத்த சொற்களைக் கொண்டிருந்தது. 'இனப்படுகொலை' என்ற சொல் மட்டும் அதில் இல்லை. ஒரு சொல் ஏன் விடுபடுகிறது என்பது எமது சமூகத்துக்கு விளக்க வேண்டிய விடயமல்ல. எமது பிள்ளை இதைக் கேட்கப் பழகினால், ருவண்டாவுக்காகவும் மியன்மாருக்காகவும் அதே கேள்வியைக் கேட்பார்.

இலங்கை பேசுபொருளாக வந்தால்

மனித உரிமைக் குழுக்களில் இலங்கை விடயம் வரக்கூடும். எமது பிள்ளை அந்த அமர்வின் செய்தியாளராக அமர்ந்திருக்கக்கூடும். இலங்கைப் பிரதிநிதியாக அமர்ந்திருக்கும் மாணவர், அரசு எப்போதும் சொல்வதையே சொல்வார்: உள்நாட்டுப் பொறிமுறை போதும், வெளியார் தலையீடு வேண்டாம். வீட்டில் வேறு கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அதை எழுதக் கை கூசும்.

இங்கே எமது தொழிலின் விதியொன்று உதவும். கணக்காய்வாளர் தனக்கு உறவோ நலனோ உள்ள நிறுவனத்தைக் கணக்காய்வு செய்வதில்லை; அப்படி ஏதும் இருந்தால் முன்கூட்டியே வெளிப்படுத்துவார். பிள்ளையும் ஆசிரியர் குழுவிடம், 'இந்த விடயம் எனது குடும்பத்தைப் பாதித்தது' என்று முதலிலேயே சொல்லிவிடலாம். விரும்பினால் வேறு குழுவைக் கேட்கலாம். விரும்பினால் அதிலேயே இருந்து எழுதலாம். இரண்டும் மரியாதையான தெரிவுகளே. வீட்டார் எதையும் திணிக்கக்கூடாது.

எழுதுவதாயின், இலங்கைப் பிரதிநிதி சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். மேற்கோள் காட்டுவது உடன்படுவதாகாது. பேரேட்டில் கடன் என்று ஒருவர் பெயரில் பதிவதால் நாம் அந்தக் கடனுக்குப் பொறுப்பாளியாகி விடுவதில்லை. அந்தக் கூற்றுக்குப் பக்கத்தில் ஆவணத்தில் உள்ளதை வைப்பதற்குச் செய்தியாளருக்கு முழு உரிமை உண்டு. ஐ.நா. நிபுணர் குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை, 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று நம்பத்தகுந்த பல மூலங்கள் மதிப்பிட்டதாகக் கூறியது. இதை எழுதும்போது எண், யார் சொன்னது, எந்த ஆண்டு ஆகிய மூன்றும் சேர்ந்தே வர வேண்டும். மூலம் இல்லாத எண்ணை எதிர்த்தரப்பு ஒரு கேள்வியால் தட்டிவிடும். அதனுடன் உண்மையும் விழுந்துவிடும்.

2012 நவம்பரில் வெளியான ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு அறிக்கையையும் மூத்த மாணவர்கள் வாசிக்கலாம். 2008 செப்டெம்பரில் ஐ.நா. பணியாளர்கள் வன்னியிலிருந்து வெளியேறினார்கள். சுயாதீனச் செய்தியாளர்கள் அங்கே அனுமதிக்கப்படவில்லை. இறுதி மாதங்களில் ஐ.நா. பணியாளர்கள் திரட்டிய உயிரிழப்பு எண்ணிக்கைகள் வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை என்பது அந்த அறிக்கையின் முக்கிய விமர்சனங்களில் ஒன்று. மண்டபத்தின் ஓரத்தில் குறிப்பேட்டுடன் ஒருவர் அமர்ந்திருப்பது ஏன் அவசியம் என்று பிள்ளை கேட்டால், இதைவிட நேரான பதில் எம்மிடம் இல்லை.

எமது பயம்

'எழுதப் போகாதே' என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் பழக்கம் எமது வீடுகளில் உண்டு. அதைக் கோழைத்தனம் என்று சொல்ல முடியாது. மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19இல் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். தராக்கி என்ற பெயரில் எழுதிய சிவராம் 2005 ஏப்ரல் 28இல் கொழும்பில் கடத்தப்பட்டு, மறுநாள் பிணமாகக் கிடந்தார். 2006 மே 2இல் உதயன் பத்திரிகை அலுவலகத்தில் புகுந்து சுட்டதில் இரு பணியாளர்கள் இறந்தார்கள். லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8இல் கொல்லப்பட்டார். திசைநாயகத்துக்கு எழுதியதற்காகவே அதே ஆண்டு ஓகஸ்ட் 31இல் 20 ஆண்டுக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது; 2010இல்தான் அவர் வெளியே வந்தார்.

இவ்வளவையும் கண்டு வந்தவர்கள் பிள்ளைக்கு மருத்துவமும் பொறியியலும் கணக்கியலும் போதும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பிள்ளை வாழும் நாடு வேறு. இங்கே 1982இன் உத்தியோகபூர்வத் தகவல் சட்டப்படி அரசாங்கத்திடமிருந்து தகவல் கேட்பது குடிமகனின் உரிமை. செய்தியில் தவறு என்றால் ஊடக மன்றத்திடம் முறையிடலாம். ஊரில் சிலர் உயிரைக் கொடுத்துச் செய்த வேலையை, இங்கே பிள்ளை ஒரு சனிக்கிழமை வகுப்பறையில் பாதுகாப்பாகப் பழகலாம். எமது பயத்தை மறைக்க வேண்டாம். மேற்சொன்ன பெயர்களைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். ஆனால் அந்தப் பயத்தைப் பிள்ளையின் தலையில் சுமத்தாதீர்கள்.

சம்மதிக்கும் முன் கேட்க வேண்டியவை

செய்தியாளர் தொண்டர்களிடம் கட்டணம் அறவிடப்படுகிறதா? பயணம், தங்குமிடம், சாப்பாடு யார் பொறுப்பு? சலுகை நிதி உண்டா? இவற்றை எழுத்தில் கேளுங்கள். பல நாள் மாநாடாயின், இரவில் பொறுப்பாக இருக்கும் பெரியவர் யார், தொடர்பிலக்கம் எது என்று கேளுங்கள். மாணவரின் ஒளிப்படமும் பெயரும் எங்கே வெளியாகும், எவ்வளவு காலம் இருக்கும், பின்னர் நீக்கக் கேட்கலாமா என்பதையும் கேளுங்கள். ஊரில் இன்னும் உறவினர் இருக்கும் குடும்பங்களுக்கு இது சிறிய விடயமல்ல. புனைபெயரிலோ முதலெழுத்துகளிலோ எழுத அனுமதிப்பார்களா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

பிள்ளை கொண்டுபோக வேண்டியவை: இரண்டு குறிப்பேடுகள், பேனைகள், கைத்தொலைபேசிக்கான மின்னேற்றி, தண்ணீர்ப் போத்தல், குழுக்களின் விதிகள் எழுதிய தாள். ஒலிப்பதிவு செய்வதாயின் முதலில் அனுமதி கேட்க வேண்டும்.

மாநாடு முடிந்த பின்

கற்றதைப் பயன்படுத்த உள்ளூரிலேயே இடம் உண்டு. அல்பர்ட்-ஈடன் உள்ளூர்ச் சபையின் கூட்டங்களைப் பொதுமக்கள் போய்க் கேட்கலாம். அங்கும் பிரேரணை, திருத்தம், வாக்கு எல்லாம் உண்டு. பூங்காவுக்கும் நூலகத்துக்கும் எவ்வளவு பணம் என்பதுதான் பேசுபொருள். பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுக்கு, ஒக்லாந்துப் பல்கலைக்கழக மாணவர் இதழான 'கிரக்கம்' 1927 முதல் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். மாநாட்டுக்குப் போய்வந்த பிள்ளை எழுதிய ஆங்கிலச் செய்தியொன்றைத் தமிழிலும் எழுதச் சொல்லுங்கள். எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை; பாட்டா பாட்டிக்கு வாசித்துக் காட்டட்டும். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடிந்தால் பிள்ளைக்கு விடயம் விளங்கிவிட்டது என்று அர்த்தம். இன்னும் பத்து, இருபது ஆண்டுகளில் எமது தலைமுறை போய்விடும். ஜெனீவாவில் அப்போதும் வாக்குகள் எண்ணப்படும். அவற்றைக் கூட்டிப் பார்த்து, என்ன நடந்தது என்று எமது மொழியில் பிழையின்றி எழுதித்தர ஆட்கள் வேண்டும்.